பீப் சத்தத்தை நம்பி எஸ்எஸ்டியை இழக்கப் பார்த்தோம்

சைதாப்பேட்டையில் உள்ள அண்ணன் கடையின் டேலி கணக்கு முழுவதும் இருந்த சாட்டா எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு டிஸ்க்), மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதிக்கு நான்கு நாள் முன்பு போய்விட்டது. அதை மாட்டினால் கணினியே ஆன் ஆகவில்லை, கழற்றினால் ஆனது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், மூடிய கடைகளைப் பார்த்துத் திரும்பினோம்.

மறுநாள் ஒரு கடைக்காரர், எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலருக்குப் பக்கத்திலிருந்த காயிலில் (கம்பிச்சுருள்) மல்டிமீட்டரை, மின்தடை குறைவாக இருந்தால் சத்தமிடும் பீப் நிலையிலேயே வைத்தார். சத்தம் வந்ததும், "கன்ட்ரோலர் போச்சு சார், மெமரி சிப்பைக் கழட்டித்தான் டேட்டா எடுக்கணும்" என்று 18,000 ரூபாய் கேட்டார். எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்று கேட்டேன், பதில் இல்லை. பார்த்த கூலி 500 ரூபாயை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கன்ட்ரோலரின் மையப்பகுதிக்கு மின்சாரம் தரும் பாதையில் ஓம் இயல்பாகவே குறைவு. பல மீட்டர்கள் சில பத்து ஓமுக்கே பீப் அடித்துவிடும். அதைவிட ஆபத்தானது சிப்பைக் கழற்றுவது. பல கன்ட்ரோலர்கள் தரவைக் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. அதைத் திறக்கும் சாவி கன்ட்ரோலரோடு இருப்பதால், தனியே எடுத்த சிப்பிலிருந்து எதையும் படிக்க முடியாது. ஹார்டு டிஸ்க்கைப் போல போர்டை மாற்றவும் வழியில்லை, மெமரி சிப்புகளே அந்த போர்டில்தான் இருக்கின்றன.

வீட்டில் ஓம் நிலையில் அளந்தபோது அதே காயில் 38 ஓம் காட்டியது. அங்கே ஷார்ட் (மின்சாரம் வேலை செய்யாமல் நேராகத் திரும்பிவிடும் பழுது) இல்லை. சாட்டா பவர் இணைப்பின் 7, 8, 9ஆம் பின்கள் 5 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றுக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பும் பாதை) இடையே 0.6 ஓம்தான். (இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது 0.2.) ஷார்ட் உள்நுழைவிலேயே இருந்தது.

வோல்ட், ஆம்பியரை நாமே வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையில் 1 வோல்ட், 2 ஆம்பியர் வரம்பு வைத்து அந்தப் பாதையில் கொடுத்து, போர்டின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவினேன். ஷார்ட் ஆன பாகம் சூடாகி, அதன் மேல் ஈரம் முதலில் காயும். எங்கும் ஈரம் மின்னிக்கொண்டிருக்க, எள்ளளவு இருந்த ஒரு பழுப்பு நிறக் கெப்பாசிட்டரின் (மின்னைத் தேக்கும் பாகம்) மேல் மட்டும் ஈரம் வட்டமாக விலகிக் காய்ந்தது. அதை எடுத்ததும் ஓம் ஆயிரங்களுக்கு ஏறியது. இணையாக வேறு கெப்பாசிட்டர்கள் இருந்ததால், அது இல்லாமலே எஸ்எஸ்டி கணினியில் தெரிந்தது.

வேறு எதையும் தொடாமல் முதலில் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். 19ஆம் தேதி இரவு அண்ணன் 3பி தாக்கல் செய்தார்.