நவம்பர் இரவுகள், மூன்று டிஸ்க்

நவம்பர் 2, 2023, வியாழன்

அப்பாவின் இதய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 20, திங்கள். காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அப்பா காலண்டரில் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், வேறு ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 3

ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே வந்தால் அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். யாரோ ஒரு அம்மா வாணலி விற்றுக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை. பேஸ்மென்டில் போய் பழைய டிவிடி பிளேயரைத் தேடி எடுத்தேன், அதே அட்டைப்பெட்டியில் ‘கிளர்க்ஸ்’ படத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்பும் இருந்தது. 2004-ல் வந்த மூன்று டிஸ்க் பெட்டி, இங்கே படிக்க வந்த வருஷம் சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து வாங்கியது.

“என்ன படம்?” என்றார். கடையில் வேலை பார்க்கிற ஒரு பையனின் ஒரு நாள், சிரிப்புப் படம், அந்தக் கடையில் நிஜமாகவே வேலை பார்த்த கெவின் ஸ்மித் எடுத்தது என்றேன். “எந்த ஊர்க் கடை?” நம் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்தான், லியனார்டோ. இதே நியூ ஜெர்சி. உடனே நாற்காலியை நிமிர்த்திக்கொண்டார்.

படத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. அதில் வெட்டுக்குத்தும் கிடையாது, உடம்பைக் காட்டுவதும் கிடையாது, வெறும் பேச்சுக்காகவே தணிக்கையில் முதலில் சிறுவர்களை உள்ளேயே விடக்கூடாது என்கிற என்சி-17 கொடுத்தார்கள், மேல்முறையீடு செய்து ஒரு அடி கூட வெட்டாமல், பெரியவர் துணையோடு வரலாம் என்கிற ஆர் ஆக மாற்றினார்கள். அதனால் மூன்றாவது டிஸ்க்கைப் போட்டேன். படம் எப்படி எடுத்தார்கள் என்கிற ஆவணப்படம் அதில் முழுநீளத்துக்கு இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 4

“முதல் எவ்வளவு?” இதுதான் அப்பாவின் முதல் கேள்வி. அருப்புக்கோட்டையில் முப்பத்தெட்டு வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தவர் வேறு என்ன கேட்பார்.

27,575 டாலர். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். எங்கிருந்து புரட்டினான் என்றார். கிரெடிட் கார்டுகளைக் கடைசி எல்லை வரை தேய்த்தான், சின்ன வயசிலிருந்து சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றான், வெள்ளத்தில் போன காருக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது, வான்கூவரில் சினிமாப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மீதிக் கட்டணத்தைத் திரும்ப வாங்கினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். படிப்புக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. பிறகு தன் கடைக்கு முதல் போட்ட கதையை ஆரம்பித்தார், அம்மாவின் ஒரு வளையலை விற்றாராம். அம்மா மாடியிலிருந்தே “ரெண்டு” என்றாள். அவளும் தூங்கவில்லை.

பகலில் அதே கடையில் கல்லாவில் நின்றுவிட்டு, கடை சாத்தினதும் ராத்திரி பத்தரையிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை ஷூட்டிங். இருபத்தொரு ராத்திரி, 1993-ல், 16 எம்எம் கறுப்பு வெள்ளையில். ஆனால் கதை நடப்பது பகலில். ஜன்னல் வழியாக இருட்டு தெரிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் யாரோ பூட்டுக்குள் சூயிங்கத்தை அடைத்துவிட்டார்கள், ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று கதையிலேயே ஒரு காரணம் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். செப்டம்பருக்கு அப்புறம் இப்போதுதான். சிரிக்கும்போதே கை நெஞ்சுக்குப் போனது, எனக்கு உயிரே இல்லை, ஆனால் ஒன்றும் இல்லை. “நம்ம பூட்டுல ஒருத்தன் பிசினையும் மணலையும் வச்சான்டா, அன்னைக்குக் காலைப் பால் வியாபாரம் பூராம் போச்சு.” யார் வைத்தது என்று இன்றுவரை தெரியும், சொல்லமாட்டாராம்.

நவம்பர் 5

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். ஏற்கெனவே நீளமான ராத்திரியில் இன்னும் ஒரு மணி நேரம்.

முதல் டிஸ்க்கைப் போட்டு, சத்தத்தை அறவே நிறுத்தி, வாடிக்கையாளர்கள் வருகிற துண்டுகளை மட்டும் காட்டினேன். பால் அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்து, கடைசி வரிசையிலிருந்து தேதி பார்த்துப் பார்த்து எடுக்கிற அம்மா. முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கிற ஆள். அப்பா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி முட்டைக்காரரை மூன்று தடவை பார்த்தார். தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போன நெசவாளர் காலனிக்காரர் ஒருவரை, பெயர் சொல்லி, ஊர்க் கதை முழுக்கச் சொன்னார்.

அந்தப் பால் அம்மா யார் தெரியுமா, டைரக்டரின் சொந்த அம்மா என்றேன். முட்டைக்காரர் அவருடைய சிநேகிதர், அவரே இன்னும் இரண்டு மூன்று வேஷத்திலும் வருகிறார். “பெத்தவளையும் கூட்டாளியையும் வச்சுத்தான் எல்லாக் கடையும் ஓடுது” என்றார் அப்பா.

நவம்பர் 6

உப்பில்லாத ரசம். ஒரு வாய்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 8

இரண்டாவது டிஸ்க்கைப் பற்றி எழுதியாக வேண்டும், இரண்டு நாளாக அதுவே மண்டையில் ஓடுகிறது.

அதில்தான் முதல் எடிட் இருக்கிறது, பழைய முடிவோடு. தியேட்டருக்கு வந்த படத்தில் டான்டே, அந்தக் கடைப் பையன், கடையைச் சாத்தப்போவதோடு முடியும். முதலில் அப்படி இல்லை. சிநேகிதன் போனதும் ஒருவன் உள்ளே வருவான், டான்டேவைச் சுடுவான், கல்லாவில் இருப்பதை எடுத்துக்கொண்டு போவான். அவ்வளவுதான், படம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம் சிரித்துவிட்டு இதையா பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், படம் எடுத்தவர்களும் 1994 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். ஒரே வெட்டு, அந்தப் பையன் மறுநாள் காலை கடை திறக்கப் போய்விடுவான்.

மாணவனாக இருந்தபோது இந்த எக்ஸ்ட்ராவைத்தான் ரொம்பப் பிடிக்கும், நண்பர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். இப்போது அந்த மெனுவில் அம்புக்குறி நின்றாலே வயிற்றைப் பிசைகிறது.

கெவின் ஸ்மித்துக்கு 2018 பிப்ரவரியில் மாரடைப்பு. ஒரு முக்கியக் குழாய் நூறு சதவீதம் அடைப்பு. பிழைத்து, எடையைக் குறைத்து, 2021-ல் அதே கடையில் ‘கிளர்க்ஸ்’ வரிசையின் மூன்றாவது படத்தை எடுத்தார், 2022-ல் அது வெளிவந்தது. அப்பாவிடம் அடைப்பு, பிழைத்தது, மறுபடி படம் எடுத்தது மூன்றையும் சொன்னேன். “நூறா?” என்றார். நூறு. “எனக்கு எழுபத்தஞ்சு, எம்பது தானே.” ஆமாப்பா.

அந்த மூன்றாவது படத்தில் டான்டேவுக்கு என்ன ஆகிறது என்பதை எங்கோ படித்துத் தொலைத்துவிட்டேன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னால் வெட்டிப் போட்டது வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, இந்தத் தடவை துப்பாக்கி இல்லை. 20 முடியும் வரை அந்தப் படத்தின் பெயரையே இந்த வீட்டில் எடுக்கமாட்டேன்.

நவம்பர் 10

இரண்டாவது டிஸ்க்கை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கீறல் விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார்.

நவம்பர் 12, தீபாவளி

வெடி இல்லை. அம்மா அதிரசம் சுட்டாள். அப்பாவுக்குக் கால்வாசி, அதையும் அவர் முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்.

நவம்பர் 13

ஷட்டர் திறக்காததால் கடை திறந்திருப்பது யாருக்கும் தெரியாது, அதனால் டான்டே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து, ஷூ பாலிஷால் ‘சத்தியமாகச் சொல்கிறேன், கடை திறந்துதான் இருக்கிறது’ என்று எழுதி வெளியே தொங்கவிடுவான். அப்பாவுக்கு அந்தத் துணியை நிறுத்திக் காட்டினேன். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், பெரிய பெரிய எழுத்தின் ஓரத்தில் பாலிஷ் திட்டுத் திட்டாக இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். டிவி கண்ணாடியில் விரல் ரேகை இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

பந்த் நாட்களில் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவைத்துக்கொண்டு, குனிந்து வருகிறவர்களுக்குக் குழந்தைப் பால் பவுடர் மட்டும் கொடுப்பாராம். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

இப்போது இந்தப் படம் வேண்டுமென்றால் எங்காவது ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கலாம், ஆனால் படம் மட்டும்தான் வரும். டிவிடிக்கு முன்பிருந்த லேசர் டிஸ்க்குக்காக 1995-ல் படம் எடுத்தவர்கள் எல்லோரும் படத்தை ஓடவிட்டுக் கூடி உட்கார்ந்து பேசின பேச்சு, காசில்லாமல் எடுக்க முடியாமல் போன சாவு வீட்டுக் காட்சியைப் பத்து வருஷம் கழித்துக் கார்ட்டூனாக வரைந்து சேர்த்தது, இதெல்லாம் இந்த மாதிரி டிஸ்க்கில்தான் இருக்கிறது. யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

நவம்பர் 15

லியனார்டோ போய்க் கடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பார்க்வே நெடுஞ்சாலையில் 117-ஆம் எக்ஸிட்டில் இறங்கி 36-ஆம் சாலையைப் பிடித்தால் போதும். வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும் பதினாறு எட்டு. அதற்குள் இரண்டு தடவை நின்றார். “அடுத்த மாசம் போவோம்” என்றார், அவரேதான் சொன்னார், நான் சொல்லவில்லை.

நவம்பர் 16

பார்த்துவிட்டார்.

அம்மா அரிசி எடுக்கும்போது டிஸ்க் கீழே விழுந்திருக்கிறது, அவள் அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் மேலே இருந்தேன். இறங்கி வந்தபோது திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. வேறு முடிவு அதுப்பா, வெட்டிட்டாங்க, அது கணக்கிலேயே இல்லை, நிஜப் படத்தில் அப்படி இல்லை என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் கோபத்தில் இருந்தார். அந்தப் பையன் மேல். “முன் வாசலைத் தாழ்ப்பாள் போடாம எவனாவது கடையை ஒதுங்க வைப்பானா? முதல்ல ஷட்டரை இறக்கணும், பூட்டணும், இழுத்துப் பாக்கணும். அப்புறம்தான் கல்லாவுல கையே வைக்கணும். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லை. இதைக்கூடச் சொல்லிக் கொடுக்காத முதலாளி என்ன முதலாளி.” அப்படியே கால் மணி நேரம். முகமெல்லாம் சிவந்து, பழைய அப்பா.

அப்புறம் என்னைப் பார்த்து, “கீறல்னு சொன்னியே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. டிஸ்க்கைத் தன் வேட்டி முனையால் துடைத்து, பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்தார்.

நவம்பர் 17

தூங்கினார். ஐந்து மணி நேரம்.

நவம்பர் 19

பை தயார். கண்ணாடி, பல்செட்டு டப்பி, மருந்துச் சீட்டு, அம்மாவின் விபூதிப் பொட்டலம். மூன்று டிஸ்க் பெட்டியையும் உள்ளே வைக்கச் சொன்னார். அங்கே பிளேயர் இருக்காதுப்பா என்றேன். “இருக்கட்டும்.”

நவம்பர் 20, காலை 4:40

கிளம்பினோம். எல்லோரும் காரில் ஏறின பிறகு அப்பா மெதுவாக இறங்கி, திரும்பி நடந்துபோய், வீட்டுக் கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மூன்று தடவை.

நவம்பர் 20, மதியம் 1:15

இன்னும் உள்ளே.