வரலாறு படித்த நான் புவியியல் சங்கத்தில் சேர்ந்தது

ஜூன் கடைசி வாரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய் ஒரு மீட்டர் குச்சியை நட்டேன். "சரியா பன்னிரண்டு மணிக்குப் பாருங்க, நிழல் காணாமப் போயிடும்" என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு ஆனது. நிழல் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குத் தெற்குப் பக்கம் விழுந்து கிடந்தது. "போகலையே சார்" என்றாள் முன்னால் நின்ற பெண். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படித்தது எம்.ஏ. வரலாறு. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் என்றால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாவற்றையும் ஒருவரே எடுக்க வேண்டும். வரலாறு எனக்குச் சரளமாக வரும். புவியியலில் பாடத்தை வாசித்து, முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடச் சொல்லி நகர்ந்துவிடுவேன். பதினொரு வருடம் அப்படியே ஓடிவிட்டது. அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி ஓட்ட மனம் வரவில்லை.

புவியியல் சொல்லித் தருகிறவர்களுக்கென்று நம் வட்டாரத்தில் ஒரு சங்கம் இருப்பதைப் பக்கத்துப் பள்ளி நண்பர்தான் சொன்னார். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள், உறுப்பினர் அல்லாதவர்களும் போகலாம். ஜூலை முதல் சனிக்கிழமை போனேன். இருபது பேர் இருந்தார்கள். நீள மேசையில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை விரித்துவைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. சென்னை சமவெளி என்பதால் தாளில் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. பரங்கிமலையில் மட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கி நின்றன. அதன்மேல் விரலை வைத்து, "1802-ல வில்லியம் லாம்டன்ங்கிற ஆங்கிலேய அதிகாரி, நில அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டை அளந்தது இங்கதான்" என்றார். நிலத்தை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டில் தொடங்கியது. நான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம், என் பள்ளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் நடந்திருக்கிறது!

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு பக்கம் என்றேன். "ஏரி எங்க சார் போச்சு?" என்று கேட்டுவிட்டு ஒரு பழைய வரைபடத்தின் நகலை எடுத்தார். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீளும் பெரிய ஏரி. 1920களில் தியாகராய நகர் உருவானது அந்த ஏரியைத் தூர்த்துத்தான். தினமும் நடக்கிற தெருவின் பெயருக்கு எனக்கு அன்றுதான் பொருள் புரிந்தது.

நிழல் கதையையும் அவரிடமே கேட்டேன். விளக்கம் இரண்டே நிமிடம். நம் கடிகாரம் காட்டுவது 82½ டிகிரி தீர்க்கக்கோட்டின் நேரம். சென்னை அதற்கு இரண்டேகால் டிகிரி மேற்கே இருக்கிறது, டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்குகிறது. அதனால் உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு வராது, நாளைப் பொறுத்து இன்னும் சில நிமிடம் முன்பின்னாகவும் ஆகும். அதோடு, நாம் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே நாள், ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி. ஜூனில் அது நமக்கு வடக்கே போய்விடும். நிழல் தெற்கே விழும்.

விண்ணப்பத்தை அன்றே வாங்கிவிட்டேன். ஆனால் 'புவியியலில் பெற்ற பட்டம்' என்ற இடத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பத்து நாள் பையிலேயே கிடந்தது. அப்புறம் அந்த அம்மாவுக்கே போன் செய்தேன். "பட்டம் இல்லன்னா கோடு போடுங்க சார். கீழ கற்பித்தல் அனுபவம்னு இருக்கு பாருங்க, அதுல பதினொரு வருஷம்னு எழுதுங்க. 1926-ல இந்த ஊர்ல மெட்ராஸ் ஜியாகிரஃபிகல் அசோசியேஷன் தொடங்கினப்போ, புவியியல்ல பட்டம் வாங்கினவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க?" என்றார். அந்த அமைப்புதான் பின்னாளில் இந்தியப் புவியியல் சங்கம் ஆனது. வரலாறு படித்தவனுக்கு இதைவிட நல்ல பதில் யாரும் சொல்லியிருக்க முடியாது. முன்மொழிபவர் இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார், வழிமொழிந்தவர் என் நண்பர்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தாவை உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அனுப்புங்கள். நான் மனைவியின் ஜிபேயிலிருந்து அனுப்பினேன். பணம் அவர் பெயரில் வந்திருக்க, விண்ணப்பம் என் பெயரில் இருக்க, இரண்டும் பொருந்தாமல் மூன்று வாரம் நின்றது. பணம் போன ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் செயற்குழுவுக்குப் போனது. சான்றிதழ் ஜெராக்ஸில் சுயசான்றொப்பம் மறக்க வேண்டாம். ஆயுள் சந்தாவும் உண்டு, நான் முதலில் ஆண்டுச் சந்தாதான் கட்டினேன். உறுப்பினர் அட்டை செப்டம்பரில் கைக்கு வந்தது. வகுப்புக்கு வரைபடங்களை இரவல் வாங்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய வரவு.

அட்டை வருவதற்கு முன்பே ஆகஸ்ட் 18 வந்துவிட்டது. அந்த அம்மா எங்கள் பள்ளிக்கே வந்தார். அதே மைதானம், அதே குச்சி. பன்னிரண்டுக்கு மேற்கே ஒரு சிறு கீற்று மிச்சமிருந்தது. மேகம் ஒருமுறை மூடி விலகியது. 12.13-க்கு நிழல் குச்சியின் காலடிக்குள் ஒடுங்கிப்போனது. பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமையாசிரியர் வெளியே வந்து பார்த்தார். அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. குனிந்து குச்சியின் அடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே எந்தப் பக்கம் சார் விழும்?" என்று கேட்டாள்.

"வடக்கே" என்றேன்.