எம்மாவின் இரவுகள்

உயர்தர வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியை வாசகர் வட்டத்துக்கென்று தெரிவுசெய்து தந்த நூல்களுள் நான் இன்றும் எடுத்து வாசிப்பது சுசானா கிளார்க் எழுதிய ‘ஜொனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரெல்’ என்னும் நாவலாகும். 2004இல் வெளிவந்து மறு ஆண்டே ஹியூகோ விருது பெற்ற அந்நூல், நெப்போலியனோடு இங்கிலாந்து போரிட்ட காலத்தில், வழக்கொழிந்த மந்திரக்கலையை ஸ்ட்ரேஞ்ச், நோரெல் என்னும் இருவர் மீட்டெடுக்கும் கதையைச் சொல்கிறது. அடிக்குறிப்புகள் நீண்டுகொண்டே போவதால் பலர் பாதியில் மூடி வைத்துவிட்டனர். எனக்கோ அவற்றில் வரும் பழங்கதைகள்தாம், மாய ஆற்றல் கொண்ட, மனிதரல்லாத இனத்தாரான ஃபேரிகளின் இயல்பைப் புரியவைத்தன.

அவர்களோடு ஒப்பந்தம் செய்பவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 19 வயதில் இறந்துபோன எம்மா என்னும் பெண்ணை உயிர்ப்பிக்க நோரெல் ஒரு ஃபேரியை அழைக்கிறார். அவள் 94 வயதுவரை வாழக்கூடும் என்று கணக்கிட்டு, எஞ்சிய 75 ஆண்டுகளில் பாதியை அவனுக்குக் கொடுக்க இசைகிறார். பிற்பாதிதானே போகும் என்று அவர் எண்ணியிருக்க, அவன் அவளுடைய இரவுகளை எடுத்துக்கொள்கிறான். அடையாளமாக இடக்கைச் சுண்டுவிரல் போய்விடுகிறது. இரவெல்லாம் அவனுடைய மாளிகையில் ஆடிக் களைத்து, பகலில் சோர்ந்து கிடக்கும் அவள், நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால் தொடர்பில்லாத ஏதோவொரு கதைதான் வெளிவருகிறது. கேட்பவர்கள் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அநீதிக்கு உள்ளானவரின் வாயையே அடைத்துவிடும் இந்தக் கொடுமைக்கு இணையான ஒன்றை வேறு எந்த மாயப் புனைவிலும் நான் படித்ததில்லை.

அந்த ஃபேரிக்கு அன்பு காட்டவும் தெரியும் என்பதுதான் இன்னும் அச்சமூட்டுகிறது. பணியாளர் ஸ்டீபன் பிளாக்கை அவன் மனதார நேசிக்கிறான், அரசனாக்குவேன் என்கிறான்; ஆனால் ஸ்டீபனின் விருப்பம் என்னவென்பது அவன் காதில் ஏறுவதேயில்லை.

குற்றம் யாருடையது என்று வட்டத்தில் ஒருநாள் நெடுநேரம் வாதிட்டோம். பெரும்பாலானோர் ஃபேரியைச் சாடினர். நான் நோரெலைத்தான் குற்றவாளி என்றேன். இன்றும் அதுவே என் கருத்து. ஃபேரி தன் குலத்து இயல்புப்படி நடந்தான். நோரெலோ, அமைச்சரான சேர் வால்டர் போலின் ஆதரவைப் பெறுவதற்காக, அவர் மணக்கவிருந்த பெண்ணின் வாழ்வைப் பேரம்பேசிவிட்டு, பிறகு அவள் படும் பாட்டைக் கண்டும் வாய் திறவாதிருந்தார். என்னோடு கடைசிவரை வாதிட்ட தோழி இம்மலரைப் படிப்பாளாயின், அவள் மறுமொழியைக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

இத்தனை நுட்பமாக எழுதிய கிளார்க்கிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எம்மா மீட்கப்படுகிறாள், ஆனால் நோரெல் அவள் முன்னே நின்று பதில் சொல்லும் காட்சி நூலில் இல்லை. அந்த ஓர் அத்தியாயத்துக்காக நான் இன்னொரு நூறு பக்கங்களைக்கூட மகிழ்ச்சியோடு படித்திருப்பேன்.