பற்றவும் விடவும் தெரிந்த ஆணி

ஹற்றனில் நாங்கள் பயின்ற காலத்தில் விஞ்ஞான ஆய்வுகூடம் பெயரளவிலேயே இருந்தமையால், மின்காந்தப் பாடத்துக்கு வேண்டியவற்றை நாங்களே தேடிக்கொண்டு வரும்படி எங்கள் விஞ்ஞான ஆசிரியரான சேர் பணித்தார். தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய நாலங்குல ஆணி, பழுதான வானொலிப் பெட்டியின் மின்மாற்றியிலிருந்து பிரித்த செப்புக் கம்பி, டோர்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ற்று பற்றறி ஆகியவையே எங்கள் கருவிகள்.

கம்பியின் இரு முனைகளிலும் பூசியிருக்கும் செந்நிற எனாமலைச் சவர அலகினால் சுரண்டி, செம்பு பளிச்சிடும்வரை சேர் எங்களை விடமாட்டார். பிறகு கம்பியை ஆணியில் நெருக்கமாகச் சுற்றி, அந்த முனைகளைப் பற்றறியோடு இணைப்போம். சுற்றுகளுக்கிடையே அந்தப் பூச்சு இருந்தேயாக வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் ஆணியைச் சுற்றாமல் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் உண்டாக்கும் காந்தப்புலம் மற்றச் சுற்றுகளின் புலத்தோடு கூடி, இரும்புக்குள் திசைக்கொன்றாய்க் கிடக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகளை ஒரே முகமாகத் திருப்புவதாலேயே ஆணி குண்டூசிகளை இழுக்கிறது. பாதிக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றினால் இரு பாதிகளின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இணைப்பைத் துண்டித்ததும் ஊசிகள் உதிர்ந்தன. ஓரிரண்டு மட்டும் ஒட்டி நின்றன. ஆணிக்குப் பதிலாக முறிந்த அரமொன்றைச் சேர் வைத்தபோது, துண்டித்த பின்னும் ஊசிகள் கொத்தாகத் தொங்கின. கடின உருக்கு பெற்ற காந்தத்தை எளிதில் விடாது, மென்னிரும்பு விட்டுவிடும் என்பது அன்று கண்ணாலேயே விளங்கியது. பற்றறி சுட்டுவிடும் என்பதால் சில விநாடிகளுக்கு மேல் இணைக்க அனுமதியில்லை.

1825இல் ஆங்கிலேயரான வில்லியம் ஸ்டேர்ஜன் இவ்வாறே கம்பி சுற்றிய ஏறத்தாழ 200 கிராம் இரும்பைக்கொண்டு 4 கிலோகிராம் தூக்கிக் காட்டினார். ஆயினும் அவர் சுற்றியது வெறுங்கம்பி. பட்டு நூலால் கம்பியைக் காவலிட்டுப் பல அடுக்குகளாகச் சுற்றிய அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றிக்கே பெரும்பங்கு சேரும் என்பது என் எண்ணம்.

1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான நீர்மின் நிலையத்தின் மின்பிறப்பாக்கிக்குள் சுழல்வதும் இதே மின்காந்தம்தான் என்று சேர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. (அந்த மின்சாரம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பல லயங்களை எட்டப் பல்லாண்டுகள் சென்றன என்பது வேறு கதை.) அங்கே மின்னோட்டமின்றியே காந்தமாயிருக்கும் நிலைக்காந்தத்தை ஏன் வைக்கவில்லை என்று ஒருவன் கேட்டான். சுருளுக்குள் விடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தே வெளிவரும் வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்கிறார்கள், நிலைக்காந்தத்தில் அது இயலாது என்று சேர் விளக்கினார்.