எங்கள் மருத்துவமனை இணையத் தொலைபேசிக்கு மாறியபோது பட்டவையும் கற்றவையும்

கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் எங்களுக்குக் கிளை மருத்துவகங்கள் உண்டு. பல ஆண்டுகளாக உழைத்த எங்கள் இபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு (கட்டடத்தின் உள் தொலைபேசிகளை இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்ச்) உதிரி அட்டைகள் கிடைப்பது நின்றுபோனதால், முழு அமைப்பையும், கணினி வலை வழியாகக் குரலைக் கடத்தி ஒரு சர்வரில் இயங்கும் ஐபி பிபிஎக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தோம். கருவித் தேர்வு, விலைப்புள்ளி, அறங்காவலர் குழுவின் ஒப்புதல் ஆகியவை தடையின்றி முடிந்தன. விலைப்புள்ளியில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் எங்களை மாதக்கணக்கில் அலைக்கழித்தவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு இதில் பாதியாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தொலைபேசி எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 0422 என்று தொடங்கும் எங்கள் பழைய எண் மருந்துச் சீட்டிலும், புறநோயாளி அட்டையிலும், ஆம்புலன்ஸ் வண்டியின் பக்கவாட்டிலும், காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கருவி விற்க வந்தவர், குறைந்த மாத வாடகை கேட்கும் வேறொரு நிறுவனத்தின் எஸ்ஐபி டிரங்கை (வெளி அழைப்புகளை இணைய முறையில் கொண்டுவரும் இணைப்பு) பரிந்துரைத்து, "செல்போன்ல பண்ற மாதிரிதாங்க மேடம், நம்பரை அப்படியே போர்ட் பண்ணிக்கலாம்" என்று உறுதியாகச் சொன்னார். அது உண்மையில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது கைப்பேசி எண்களுக்கு மட்டுமே. தரைவழி எண்களுக்கு அது கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் "புதிய எண் ஒதுக்கீடு" என்ற பத்தியை எங்கள் கணக்கர் கவனித்துக் கேட்டிராவிட்டால், கையெழுத்தான பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஆகவே பழைய நிறுவனத்திடமே எங்கள் பிஆர்ஐ இணைப்பை (பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் பழைய வகை இணைப்பு) எஸ்ஐபி டிரங்காக மாற்றித் தரும்படி கேட்டோம். முதன்மை எண்ணும் அதனுடன் ஒதுக்கப்பட்டிருந்த நேரடி எண்களும் மாறாமல் தொடரும் என்பதைக் கடிதத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்டினோம். வாய்மொழி உறுதியை யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். எண்களின் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால், பழைய இணைப்பில் ஒரு கம்பியையாவது விடாமல் வைத்துக்கொண்டு, எஃப்எக்ஸ்ஓ வாயில் (வெளித் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை) உள்ள கேட்வே கருவி வழியாக அதைப் புதிய அமைப்பில் சேர்த்துவிடலாம். பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகள் அப்போதும் வரவேற்பு மேசைக்கே வந்து சேரும்.

இணைப்பின் வகை மாறுவதால் இதைப் புதிய விண்ணப்பமாகவே கருதுவார்கள் என்பதும், எல்லா ஆவணங்களையும் முதலிலிருந்து தர வேண்டும் என்பதும் அலுவலகத்துக்குப் போன பிறகே தெரிந்தன. பான் அட்டை, அறக்கட்டளைப் பத்திரம், தீர்மான நகல், முகவரிச் சான்று, ஜிஎஸ்டி சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோனோம். "அட்ரஸ் ஒண்ணுக்கொண்ணு டேலி ஆகலைங்க மேடம், இப்படி வாங்க முடியாது" என்று அங்கிருந்த எழுத்தர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். எது பொருந்தவில்லை, எதைக் கொண்டுவந்தால் பொருந்தும் என்று கேட்டதற்கு, அது வேறு பிரிவினர் சொல்ல வேண்டியது என்றார். அந்தப் பிரிவு அலுவலர் அன்று விடுப்பு. அந்தப் பயணம் முழுக்க வீண். தேவையான ஆவணங்களின் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கக்கூட மனமில்லாத அந்த மேசையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சிக்கல் என்னவென்று நாங்களே கண்டுபிடித்தோம். பழைய இணைப்பு பழைய கதவு எண்ணில் பதிவாகியிருந்தது. சொத்துவரி ரசீதில் புதிய கதவு எண் இருந்தது. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் எங்கள் பதிவு மருந்துக் கடையின் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் கடையோ பக்கத்துத் தெருவைப் பார்த்த கட்டடத்தில் இருப்பதால் மூன்றாவதாக ஒரு கதவு எண்ணைச் சுமந்து நின்றது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே சொத்துவரிக் கணக்குக்கு உரியவை என்று சான்று பெற்றோம். எங்கள் தணிக்கையாளர் ஜிஎஸ்டி தளத்தில் மருத்துவமனையின் முதன்மைக் கட்டடத்தைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துக் கொடுத்தார். இந்த இரண்டு தாள்களையும் மேலே வைத்துக் கோப்பை நீட்டியபோது அதே எழுத்தர் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை வைத்தார். தமிழ்நாட்டில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதும் தெருவில் உங்கள் அலுவலகம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே இந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளைத் தீர்மானத்தில் ஒருவர் பெயரை மட்டும் எழுதாமல் இருவருக்கு அதிகாரம் கொடுத்து, இருவரின் மாதிரிக் கையெழுத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. எங்கள் நிர்வாக அறங்காவலர் வெளிநாடு சென்றிருந்த நாட்களில் அது கைகொடுத்தது.

இடையில் குழுவில் ஒருவர், இணையம் வழியாகப் பேசுவது சட்டவிரோதமாகாதா என்ற ஐயத்தை எழுப்பினார். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002-இல் மிகக் குறுகிய வரம்புகளுடன்தான் அனுமதிக்கப்பட்டது. பொதுத் தொலைபேசி வலையையும் இணையத்தையும் இணைப்பதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடுகள் இருந்தன. 2018-இல் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியபின், உரிமம் பெற்ற நிறுவனம் தரும் டிரங்கைப் பயன்படுத்துவதில் தவறில்லை. உரிமமில்லாத இடைத்தரகர்கள் மலிவு விலையில் விற்கும் வெளிநாட்டு அழைப்பு வசதிதான் குற்றம். அதன் பக்கமே போகாதீர்கள்.

கட்டடத்துக்குள் வேலை தொடங்கியதும் வேறு சங்கடங்கள் வந்தன. பழைய தொலைபேசிகள், கம்பிகளைப் பிரித்து இணைக்கும் குரோன் பெட்டியிலிருந்து போகும் இரட்டைக் கம்பியில் எவ்வளவு தொலைவானாலும் பேசின. ஐபி தொலைபேசிக்கு வலைக் கம்பி வேண்டும். அதற்கு 100 மீட்டர் வரம்பு உண்டு. பின்வாசல் காவலர் அறை அந்த வரம்பைத் தாண்டி இருந்ததை ஒப்பந்ததாரர் கம்பி இழுத்து முடித்த பிறகுதான் கவனித்தார். எல்லாத் தொலைபேசிகளையும் மாற்றும் திட்டத்தை அங்கேயே நிறுத்தினோம். வரவேற்பு, முன்பதிவு மேசை, மருத்துவர் அறைகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஐபி தொலைபேசி. வார்டுகளுக்கும் காவலர் அறைக்கும் எஃப்எக்ஸ்எஸ் கேட்வே (பழைய தொலைபேசிகளைப் புதிய அமைப்போடு சேர்க்கும் கருவி) வழியாகப் பழைய கம்பி, பழைய தொலைபேசி. செலவு கணிசமாகக் குறைந்ததோடு, செவிலியர்கள் பழகிய கருவியும் மாறவில்லை. கணினியைத் தொலைபேசியின் பின்பக்கத் துளையில் செருகும் எண்ணம் இருந்தால், அந்தத் துளை எத்தனை மெகாபிட் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்களில் அது 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். ஸ்கேன் படங்களைத் திறக்கும் கணினிகளுக்கு அது போதாது.

மின்வெட்டு தந்த பாடத்தை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய அமைப்பில் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்துவிடும். புதிய அமைப்பில் அதை ஒவ்வொரு மாடியிலும் வலைக் கம்பிகள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச்தான் தருகிறது. சர்வருக்கு யுபிஎஸ் வைத்திருந்தார்கள். மாடி சுவிட்சுகளுக்கு வைக்கவில்லை. எங்கள் ஜெனரேட்டர் சில நொடிகளில் எழுந்துவிடும் என்றாலும், அந்தச் சில நொடிகளில் அணைந்த சுவிட்ச் மீண்டும் எழுந்து, தொலைபேசிகள் ஒவ்வொன்றாகச் சர்வரில் பதிவாகிப் பேசத் தயாராகப் பல நிமிடங்கள் ஆயின. அவசரச் சிகிச்சைப் பிரிவு ஒரு நிமிடம்கூட ஊமையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைத்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

இணைய வேகத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். சுருக்காத தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். பழைய பிஆர்ஐ போல 30 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 3 மெகாபிட்டைத் தொடாது. எங்களுக்குத் தொல்லை தந்தது வேறு. கிளைகளிலிருந்து எக்ஸ்ரே, சிடி படங்கள் பெருங்கோப்புகளாக மேலேறும் நேரத்தில் அங்கிருந்து பேசுவோரின் குரல் துண்டு துண்டானது. குரலுக்குத் தனி விலான் (அதே வலைக்குள் பிரித்து ஒதுக்கிய தனி வலை) அமைத்து, ரூட்டரில் அதற்கு முன்னுரிமை கொடுத்ததும் அது தீர்ந்தது.

எங்களை மிகவும் வாட்டியது பொள்ளாச்சிக் கிளை. அங்கிருந்து அழைத்தால் மணி அடிக்கும், எடுப்போம், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. கேட்கும் அழைப்புகளும் 32 நொடியில் துண்டிக்கப்பட்டன. ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவைச் செவிலியர் சொல்லத் தொடங்கும்போதே இணைப்பு அறுந்த நாளில், இந்த மாற்றத்தையே கைவிட்டுவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். கருவி விற்றவர் இணைய நிறுவனத்தைக் கைகாட்டினார். இணைய நிறுவனத்தின் பணியாளர் வேகச் சோதனை செய்து காட்டி, "எங்க லைன் சரியா இருக்குங்க" என்று கிளம்பிவிட்டார். இருவரும் மாறி மாறிப் பேசியதில் வாரங்கள் போயின.

இறுதியில் எங்கள் கணினிப் பிரிவு இளைஞர் ஒருவர், சர்வருக்கு வரும் தரவுப் பொட்டலங்களைப் பதிவுசெய்து பார்த்துக் காரணத்தைக் கண்டறிந்தார். இந்த முறையில் அழைப்பை ஏற்படுத்தும் செய்திகள் ஒரு வழியாகவும், குரல் வேறொரு வழியாகவும் போகின்றன. குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி அந்தச் செய்திக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பொள்ளாச்சியின் பிராட்பேண்ட் ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. உதவி செய்வதாக எண்ணி அந்த முகவரியைத் திருத்த முயன்று, பாதியைத் திருத்திப் பாதியைக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியாகவே அது விட்டுவைத்திருந்தது. அழைப்பை உறுதிசெய்யும் பதில் உரிய இடத்துக்கு வந்து சேராததால்தான் சர்வர் 32 நொடி காத்திருந்து இணைப்பைத் துண்டித்தது. ஏஎல்ஜியை அணைத்தோம், இரு கிளைகளுக்கும் தலைமை மருத்துவமனைக்கும் இடையே விபிஎன் என்னும் பூட்டிய தனிப் பாதை அமைத்தோம். அன்று மாலை பொள்ளாச்சிச் செவிலியர் அழைத்து, "இப்ப நல்லாக் கேக்குதுங்க மேடம்" என்று சொன்ன குரல் அத்தனை தெளிவாக இருந்தது. ஒருபக்கக் குரல், அரை நிமிடத் துண்டிப்பு ஆகிய இரண்டும் சேர்ந்து வந்தால், யாரிடமும் வாதாடும் முன் ரூட்டரில் இந்த ஒன்றைப் பாருங்கள்.

அவசர எண்களையும் எழுதியாக வேண்டும். தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி. இதைச் சர்வரே தானாகச் சேர்க்கும்படி அமைத்துவிடலாம். ஆனால் சர்வரில் இந்த அமைப்பைச் செய்தவர் 108, 112, 100 ஆகியவற்றைத் தனியாக ஒதுக்கவில்லை. வெளி அழைப்புக்கு 9 அழுத்த வேண்டும் என்ற பழைய வழக்கமும் கூடவே இருந்ததால், 108 என்று நேராக அழுத்தினால் எங்கும் போகவில்லை. சோதனை நாளில் இதைக் கண்டுபிடித்தோம். 9 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இந்த எண்கள் வேலை செய்ய வேண்டும் என்று வலியுறுத்துங்கள். கிளையிலிருந்து போகும் அழைப்பு தலைமையகத்தின் டிரங்க் வழியே வெளியேறுவதால், திருப்பூரிலிருந்து 100-ஐ அழைத்தாலும் கோவை எண்ணிலிருந்து வந்த அழைப்பாகவே அது தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் உள்ளூர்த் தரைவழி இணைப்பு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறோம். மின்தூக்கிக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியும் தீயணைப்பு எச்சரிக்கைப் பலகையும் பழைய கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய பெட்டியைக் கழற்றும் முன் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தடம் பிடித்திராவிட்டால் அவை இரண்டும் சத்தமின்றிச் செத்திருக்கும்.

பாதுகாப்புக்கு ஒரு சொல். கிளைகளுக்காகச் சர்வரை இணையத்தில் திறந்து வைத்திருந்த தொடக்க நாட்களில், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து உள் தொலைபேசிகளின் நீட்டிப்பு எண்களையும் கடவுச்சொற்களையும் ஊகிக்கும் முயற்சிகள் இரவெல்லாம் நடந்ததைப் பதிவேட்டில் பார்த்தோம். பொருத்தியவர் 201-ஆம் நீட்டிப்புக்கு 201 என்றே கடவுச்சொல் வைக்கும் பழக்கமுடையவர். நல்ல வேளையாக வெளிநாட்டு அழைப்பை நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்துப் பூட்டியிருந்ததால் இழப்பு ஏதுமில்லை. பூட்டாத அமைப்புகளில் ஒரு வார இறுதிக்குள் லட்சங்களில் கட்டணம் ஏறிவிடலாம். விபிஎன் வந்த பிறகு வெளியிலிருந்து வரும் வாயிலை முழுவதும் மூடிவிட்டோம்.

புதிய டிரங்க் ஓடத் தொடங்கியதும் பழைய பிஆர்ஐக்கான கட்டணம் தானாக நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சரண்டர் கடிதம் தனியாகக் கொடுக்க வேண்டும்; எங்களுக்கு அதன் பிறகும் ஒரு பில் வந்தது. கடித நகலில் தேதியுடன் வாங்கிய முத்திரையைக் காட்டியதும் அந்தத் தொகையை நீக்கினார்கள். பழைய வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்ட விண்ணப்பம் இன்னும் அவர்கள் மேசையில் இருக்கிறது. அதற்கும் ஒப்புகை முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.