நடந்தே திரும்பும் காவடி

தைப்பூசத்துக்குப் பழநி போகிறவர்களில் பலரும் தரிசனம் முடிந்ததும் பஸ் பிடித்து ஊர் வந்துவிடுவார்கள். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தார் எடுக்கும் காவடி அப்படியில்லை. குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுப் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநி சேர்ந்து, காவடி செலுத்தியபின் நடந்தே செட்டிநாடு திரும்பும். பழநிக்கு உப்பு விற்கப் போன நெற்குப்பைக் குமரப்பச் செட்டியார் காலத்தில் தொடங்கிய வழக்கம் என்பார்கள் பெரியவர்கள்.

போகும்போது வழியெல்லாம் அரோகரா முழக்கம்தான். சுக்குக்காப்பி, பானகம், நீர்மோர், சுடச்சுட இட்லி என்று வாசலுக்கு வாசல் நீட்டுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கொப்புளத்துக்கு மருந்து போட்டார். "வேண்டாம்யா" என்று இழுத்தாலும் விடவில்லை. அந்த அன்புக்கு முன்னால் பேச்சு வரவில்லை.

திரும்பும்போது பார்த்த பாதை வேறு. காகிதக் கப்புகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், பாலித்தீன் பூசிய தட்டுகள். மிச்சப் பொங்கலோடு பையையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தது ஒரு வெள்ளாடு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. சாலையோரப் பள்ளங்களில் கிடக்கும் இந்தக் குப்பை அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊரணிக்கும்தானே போகும்? மழைத்தண்ணீரைச் சிந்தாமல் ஊரணியில் சேர்த்துக் குடித்த பூமி இது. பஸ்ஸில் போனவர்கள் கண்ணில் இது படாது. நடந்து திரும்புகிற நாங்கள்தான் பார்க்கிறோம், அதனால் சொல்லவேண்டியதும் நாங்கள்தான்.

அன்னதானத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பசித்தவனுக்குப் போடுவதைப் போன்ற புண்ணியம் வேறு எது? காவடியோடு வருகிறவர்களுக்குத் தங்குமிடங்களில் தலையெண்ணிச் சமைத்து இலையில்தான் பரிமாறுகிறார்கள். எச்சில் இலை மாட்டுக்கோ எருக்குழிக்கோ போய்விடும், மறுநாள் அந்த இடத்தில் ஒன்றும் கிடக்காது. பந்தல் போடுகிறவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே இடத்தில் போட்டு, இலையில் கொடுத்து, பூசம் கழிந்த மறுநாள் இரண்டு ஆளை விட்டுக் கூட்டினால் போதும். செலவும் அதிகமாகாது.

சிங்கம்புணரிப் பக்கம் ஒரு பந்தலில் மோர் ஊற்றிய ஆச்சி, எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கி வைத்திருந்தார். "குடிச்சிட்டு அந்த அண்டாத் தண்ணியில அலசி வச்சிட்டுப் போங்க சாமி" என்றார். அத்தனை பேரும் அலசி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.