புரோநோட்டு வக்கீலின் கட்டுகளோடு சில வாரங்கள்

லிங்கன் என்றதும் தாடியும் உயரத் தொப்பியும்தான் கண்முன் வரும். எனக்கு அந்தத் தாடி வளர்வதற்கு முந்தைய ஆள் வேண்டியிருந்தது. மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாத பள்ளிப் படிப்பு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வக்கீலானார், எப்படி இல்லினாய்ஸ் சட்டமன்றத்துக்குள் போனார்? ஏறக்குறைய 25 ஆண்டுகளில் அவர் பார்த்த 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகளின் காகிதங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாழ்க்கை வரலாறு எதையும் தொடாமல் நேரே அதில் குதித்துவிட்டேன்.

குதித்திருக்கக் கூடாது. முதல் பிராதின் தலைப்பில் ‘ட்ரெஸ்பாஸ்’ என்றிருந்தது. யாரோ யார் வேலியையோ தாண்டிவிட்டார் என்று நினைத்து இரண்டு இரவு படித்தேன். வேலியும் இல்லை, நிலமும் இல்லை. கடைசியில் பார்த்தால் வராக்கடன். கொடுத்த வாக்கை மீறியதற்கான வழக்குக்கு அந்தக் காலச் சட்டத்தில் அப்படி ஒரு பெயர். அடுத்த குழப்பம், கையெழுத்துக்குக் கீழே இருந்த ‘பி.கியூ.’, ‘பி.டி.’ என்ற எழுத்துகள். வாதிக்கு ஆஜரானால் முதலாவது, பிரதிவாதிக்கு ஆஜரானால் இரண்டாவது. இது தெரியாமல் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பாதிக் கட்டுகளில் தலைகீழாகக் குறித்து வைத்திருந்தேன். சில காகிதங்களில் கையெழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. நினைவுப்பொருளுக்காகக் கத்தரித்துப் போயிருக்கிறார்கள்!

வழி காட்டியது லிங்கனேதான். இல்லினாய்ஸின் நியூ சேலம் என்ற சிற்றூரில் இருந்தபோது அவர் மாதிரிப் படிவங்கள் உள்ள புத்தகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தாருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பழகியவர். நானும் ஒரு பிராதை வரி வரியாகக் கையால் எழுதிப் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது: முக்கால்வாசி எல்லா வழக்கிலும் அதே பல்லவி. பெயர், தேதி, தொகை மூன்றும்தான் மாறும். ஒரு மணி நேரம் பிடித்த காகிதம் பத்து நிமிடத்தில் முடிய ஆரம்பித்தது.

அந்தத் தொகைகள்தான் என்னை உட்கார வைத்தன. பெரும்பாலானவை கடன் வழக்குகள், அதிலும் புரோநோட்டு. இந்த வழக்குகளை எழுதிய வக்கீல் யார்? நியூ சேலத்தில் கூட்டாகக் கடை வைத்து நொடித்து, கூட்டாளி வில்லியம் பெர்ரி 1835-இல் இறந்ததும் அவர் பங்கையும் சேர்த்துத் தலையில் சுமந்தவர். கடன் கொடுத்த ஒருவர் டிக்கிரி வாங்கி லிங்கனின் குதிரையையும் நில அளவைக் கருவிகளையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் ஷார்ட் என்ற நண்பர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஜப்தியை வாங்கிக்கட்டிக்கொண்டவர், பிறகு அடுத்தவருக்கு வசூல் நோட்டீஸ் எழுதிப் பிழைத்தார். பெரும்பாலும் ஒரு வழக்குக்கு 5 முதல் 20 டாலர் ஃபீஸ்.

சட்டமன்றக் கதையும் கடனில்தான் தொடங்குகிறது. 1832-இல் நின்று தோற்றார். 13 பேரில் எட்டாம் இடம். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் பகுதியில் விழுந்த 300 வாக்குகளில் 277 அவருக்கு. 1834-இல் ஜெயித்தார். அப்போதைய மாநிலத் தலைநகர் வண்டேலியாவுக்குப் போக நல்ல உடை இல்லாமல் கோல்மன் ஸ்மூட்டிடம் 200 டாலர் வாங்கினார். சக உறுப்பினர் ஜான் டாட் ஸ்டூவர்ட் சட்டப் புத்தகங்களை இரவல் தந்தார். 1836 செப்டம்பரில் வக்கீல் உரிமம் வந்தது. மறு ஆண்டு தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற வைத்த கோஷ்டியில் முன்னால் நின்றதும் இவர்தான். உடனே அங்கேயே தொழிலும் தொடங்கினார். கெட்டிக்காரர்!

இதுவரை நான் அவர் கட்சிதான். 1847-ஆம் ஆண்டுக் கட்டு வந்தபோது நின்றுவிட்டேன். கென்டக்கிக்காரர் ராபர்ட் மேட்சன், தன் அடிமை ஜேன் பிரையன்ட்டையும் அவர் நான்கு பிள்ளைகளையும் மீட்டுத் தரச் சொல்லிக் இல்லினாய்ஸின் கோல்ஸ் கவுண்டி கோர்ட்டுக்கு வருகிறார். லிங்கன் ஆஜரானது மேட்சனுக்கு. அடிமை முறைக்குத் தடை இருந்த இல்லினாய்ஸுக்கு மேட்சன் அவர்களை வேலைக்காகத் தற்காலிகமாகத்தான் அழைத்து வந்தார், ஆகவே அவர்கள் விடுதலை ஆகவில்லை என்பது வாதம். பக்கம் மாற்றிக் குறித்துவிட்டேனோ என்று பழைய தவறு நினைவுக்கு வர, மூன்று தடவை சரிபார்த்தேன். இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1841-இல், நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கான புரோநோட்டு செல்லாது என்று வாதாடி மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவரும் இவர்தான்.

வாடகைக் குதிரை போல எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஏற்றிக்கொண்டார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 1837-இலேயே அடிமை முறை அநியாயம் என்று சட்டமன்றப் பதிவில் சக உறுப்பினர் டான் ஸ்டோனோடு சேர்ந்து கையெழுத்திட்ட ஆள் அவர்.

நீதிபதிகள் வில்சனும் ட்ரீட்டும் ஜேனையும் பிள்ளைகளையும் விடுவித்தார்கள். லிங்கன் தோற்றார். என் குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு சரிக்குறி போட்டுவிட்டு அடுத்த கட்டைத் திறந்தேன். மறுபடியும் புரோநோட்டு.